கைராசிக்காரன்

இல்லீங்கய்யா, முழங்கால் வலிக்கு என்கிட்ட மருந்து கேக்காதீங்க. போன்ல "டாக்டர் மதிவாணன் பேசுறேன்"னு சொன்னது உங்க காதுல விழுந்திருக்கு, அதான் கேக்கறீங்க. நான் ஊசி போடற டாக்டர் இல்லை. ஆராய்ச்சி பண்ணி வாங்கின டாக்டர் பட்டம். பயோகெமிஸ்ட்ரி. நாம தின்ன சோறு உள்ள போய் எப்படிச் சர்க்கரையாகுது, எது அதை உடைக்குது, எது தடுக்குது, இந்த மாதிரி படிப்பு. இப்ப ஒரு காலேஜ்ல வாத்தியார் வேலை. நல்ல பேரு. போன மாசம் வரைக்கும் நல்ல பேரு.

சொல்லட்டுமா? இன்னும் ரெண்டு மணி நேரம் இந்த பஸ்ல போகணும். வீட்ல கூட சொல்லாம உள்ளயே வச்சுக்கிட்டிருக்கேன். ஒரு பொண்ணு என் மேல பழி போட்டிருக்கா. நான் பக்கத்துல நின்னு வேலை கத்துக் குடுத்த பொண்ணு.

நான் படிச்சது அரசாங்கப் பல்கலைக்கழகத்துலதான். பேர் வேணாம். ஊருக்கு வெளிய, பொட்டல்ல, பெரிய பெரிய கட்டடமா இருக்கும். குணசீலன் சார்தான் எனக்கு கைடு. அவர் எனக்குக் குடுத்த வேலை நாவல் கொட்டை. நாவல் கொட்டை சர்க்கரை வியாதிக்கு நல்லதுன்னு நம்ம ஊர்ல எல்லாரும் சொல்றதுதான். அதுல எது நல்லது, ஏன் நல்லதுன்னு கண்டுபிடிக்கணும். கொட்டையை இடிச்சு, வடிகட்டி, அதுலேர்ந்து ஒரு புரோட்டீனை மட்டும் தனியாப் பிரிக்கணும். சோத்தைச் சர்க்கரையா உடைக்கிற என்சைம்னு ஒண்ணு நம்ம குடல்ல இருக்கு. இந்தப் புரோட்டீன் அந்த என்சைமைப் பிடிச்சு நிறுத்துதான்னு பார்க்கணும்.

பார்க்கறது சுலபம்யா. கண்ணாடிக் குழாய்ல ரெண்டையும் கலந்து, மஞ்சளா ஒரு மருந்தை ஊத்தி, கொதிக்கிற தண்ணித் தொட்டியில கொஞ்ச நேரம் வைக்கணும். செங்கல் நிறம் வந்தா என்சைம் பாட்டுக்கு வேலை செய்யுது, நம்ம புரோட்டீன் தோத்துப்போச்சு. மஞ்சளாவே நின்னா ஜெயிச்சாச்சு. அவ்வளவுதான்.

ரெண்டரை வருஷம் செங்கல் நிறம்தான் வந்துச்சு. கூடச் சேர்ந்தவங்க எல்லாம் கட்டுரை எழுதிட்டாங்க. சார் என்கிட்ட பேசறதையே நிறுத்திட்டார். நான் உள்ள வந்தா அவர் எழுந்து வெளிய போயிடுவார்.

மூணாவது வருஷம் ஆடி மாசம். ஒரு மதியம். குழாய் மஞ்சளாவே நின்னுச்சு.

சாரைக் கூட்டிட்டு வந்து காட்டினேன். குழாயை ஜன்னல் வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பார்த்தார். அப்புறம் என்ன பண்ணார் தெரியுமா? என் கையை எடுத்துத் தன் கண்ணுல ஒத்திக்கிட்டார். "கைராசிக்காரன்டா நீ"ன்னார். அவ்வளவு பெரிய பேராசிரியர்யா.

அடுத்த நாள் திரும்பச் செஞ்சேன். செங்கல் நிறம். அதுக்கு அடுத்த நாளும் செஞ்சேன். அதே செங்கல் நிறம். புரோட்டீன் கெட்டுப்போயிருக்கும். எங்க குளிர்ப்பெட்டி பழசு. எந்த லேப்லயும் நாலு தடவை செஞ்சா ரெண்டு தடவை சொதப்பும், சொதப்பினதைத் தள்ளிட்டு நல்லா வந்ததை எடுத்துக்குவாங்க. எல்லாரும் செய்யறதுதான். சார் கேட்டார், "மூணு தடவையும் வந்துச்சா மதி?" வந்துச்சு சார்னேன். என் கையைக் கண்ணுல ஒத்திக்கிட்ட மனுஷன்கிட்ட வேற என்னய்யா சொல்லச் சொல்றீங்க?

கட்டுரை வெளிநாட்டுப் பத்திரிகையில வந்துச்சு. நம்ம ஊர் பேப்பர்லயும் போட்டாங்க. "நாவல் கொட்டையில் சர்க்கரை நோய்க்குத் தீர்வு"ன்னு எழுதிட்டாங்க. தீர்வுன்னு நான் சொல்லலை. பேப்பர்காரங்க எழுதினது. சாரும் நானும் குழாயைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற போட்டோ.

அந்த போட்டோவை வெட்டி, லேமினேட் பண்ணி, ஸ்டோர் ரூம் கதவுல ஒட்டினது அழகுமுத்து அண்ணன். எங்க டிபார்ட்மெண்ட் அட்டெண்டர். காலையில லேபைத் திறக்கறது, கண்ணாடிச் சாமான் கழுவறது, கரண்ட் போனா ஜெனரேட்டர் போடறது எல்லாம் அவர்தான். முப்பது வருஷ சர்வீஸ். கண்ணாடிக் குழாய் ஒண்ணு கூட அவர் கையில உடைஞ்சதில்லை. அவருக்குப் பன்னெண்டு வருஷமா சர்க்கரை. ஆஸ்பத்திரி மாத்திரைதான் சாப்பிட்டுக்கிட்டிருந்தார்.

"தம்பி, நம்ம லேப்ல கண்டுபிடிச்சதை நாமளே சாப்பிடலைன்னா எப்படி?"ன்னு ஒரு நாள் சிரிச்சுக்கிட்டே கேட்டார். நானும் சிரிச்சேன். அவர் சம்சாரம் சொர்ணம் அக்கா கொட்டையைக் காயவச்சு இடிச்சுப் பொடி பண்ணிக் குடுத்தாங்க. காலையில ஒரு ஸ்பூன், சாயந்திரம் ஒரு ஸ்பூன். நல்லாக் கவனிங்கய்யா, நான் சாப்பிடச் சொல்லலை. ஒரு வார்த்தை சொல்லலை.

அந்த வருஷம்தான் அமலோற்பவம் வந்து சேர்ந்தா. அமலான்னு கூப்பிடுவோம். வேம்பார் பக்கம் கடற்கரை ஊர். அப்பா கடலுக்குப் போறவர். அந்தத் தெருவுலயே ஆராய்ச்சிப் படிப்புக்கு வந்த மொத ஆள் அவதான். என்னை அண்ணா அண்ணான்னு சுத்திச் சுத்தி வருவா. என் புரோட்டீனை எலிக்குக் குடுத்துப் பார்க்கணும், அதுதான் சார் அவளுக்குக் குடுத்த வேலை. அதுக்கு மொதல்ல புரோட்டீனை அவ கையால பிரிச்சு எடுக்கணும், மஞ்சள் நிக்குதான்னு சரிபார்க்கணும்.

ஒரு மாசம் கழிச்சு வந்தா. "அண்ணா, சிவப்பு வருதுண்ணா."

"தண்ணியை மாத்திப் பாரு"ன்னேன்.

தண்ணியை மாத்தினா. மருந்தைப் புதுசா வாங்கினா. நான் பொறுக்கின அதே மரத்துக்கு அடியில போய்க் கொட்டை பொறுக்கிட்டு வந்தா. சிவப்பு. ஆறு மாசம் சிவப்பு. என்னை நிக்க வச்சுச் செஞ்சு காட்டினா. ஒரு சொட்டு தப்பில்லை. ஆனா நான் என்ன சொல்ல முடியும்? "கை நடுங்குது பாரு உனக்கு. இதெல்லாம் கைராசிம்மா. எல்லாருக்கும் வராது"ன்னேன். ஆறுதலுக்குத்தான் சொன்னேன்.

அதை அவ மனசுல போட்டுக்கிட்டா. அப்புறம் பார்த்தா ரெண்டு கையிலயும் ரெண்டு ரெண்டு உறை மாட்டிக்கிட்டு வேலை செய்யறா. கையைக் கழுவிக்கிட்டே இருக்கா. தோல் உரிஞ்சு போச்சு. சார் எல்லாருக்கும் முன்னால, "மதி மூணு வாட்டி எடுத்ததை உன்னால ஒரு வாட்டி எடுக்க முடியலையா? ஊருக்குப் போய் மீனை உலர்த்து"ன்னார். அவ குழாயைக் கழுவப் போயிட்டா. அழகுமுத்து அண்ணன்தான் அவ கையிலேர்ந்து குழாயை வாங்கிக்கிட்டு, "வைம்மா, நான் கழுவறேன்"னார்.

அப்பவே அண்ணன் நடையில ஒரு மாத்தம் இருந்துச்சு. இடது காலைச் சாய்ச்சுச் சாய்ச்சு வச்சார். நான் கவனிச்சேன். செருப்பு கடிச்சிருக்கும்னு நினைச்சேன்.

அப்புறம் ஒரு வாடை. எங்க லேப்ல கெட்ட வாடைக்குப் பஞ்சமே கிடையாது. அழுகின முட்டை மாதிரி நாறுற மருந்தை வச்சு தினமும் வேலை செய்வோம். யாரோ மூடியைத் திறந்து போட்டிருக்காங்கன்னு எல்லாரும் ஜன்னலைத் திறந்து விட்டோம். அமலா மட்டும்தான் ஒவ்வொரு பாட்டிலாப் போய் முகர்ந்து பார்த்தா. எல்லா மூடியும் இறுகி இருந்துச்சு. கடைசியில ஸ்டோர் ரூமுக்குள்ள போனா. அண்ணன் ஸ்டூல்ல உக்காந்து காலுறையைக் கழட்டிக்கிட்டிருந்தார். கட்டை விரலுக்கு அடியில புண்ணு. எட்டணா அகலம். அவருக்கு வலியே தெரியலை. வலி தெரியாததுதான் மோசம்னு அவ சொன்னா.

"எப்பலேர்ந்துண்ணே மாத்திரை சாப்பிடலை?"

"அது எதுக்கும்மா? ஏழு மாசம் ஆச்சு. நம்ம பொடிதான்."

அவ அவரை ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டா. வரமாட்டேன்னார். "அங்க போனா மாத்திரையை ஏன் விட்டேன்னு கேப்பான். நம்ம சார் பேரு கெடும். அடுத்த மாசம் டெல்லியிலேர்ந்து கமிட்டி வேற வருது"ன்னார். ஆமா, கமிட்டி வந்துச்சு. எங்க ஆராய்ச்சியை இன்னும் அஞ்சு வருஷம் நடத்தலாமான்னு பார்க்க வர்றவங்க. அண்ணனை அவங்க முன்னால நிறுத்தணும்னு சார் முடிவு பண்ணியிருந்தார்.

அமலா அன்னைக்கே என்கிட்ட வந்தா. "அண்ணா, உங்க பழைய நோட்டைக் குடுங்க. என்ன தப்பு பண்றேன்னு பார்த்துக்கறேன். இல்லைன்னா அந்த மனுஷனுக்கு எடுத்துச் சொல்லவாவது ஏதாச்சும் வேணும்."

நோட்டு தொலைஞ்சு போச்சும்மான்னேன். வீட்டுப் பரண்ல இருந்துச்சு. ஆனா அப்ப அது ஞாபகம் வரலை. வந்துச்சு, ஆனா எடுத்துக் குடுக்கணும்னு தோணலை. ஒரு ஆளோட நோட்டு அவனோட சொந்த விஷயம் இல்லையா?

அவ விடலை. நிறத்தை அளக்கற மெஷினோட ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கும். அதுல நாங்க அளந்ததெல்லாம் தேதி போட்டுக் கிடக்கும். யாரும் அழிக்கறதில்லை. அதைத் திறந்து என் ஆடி மாசத்தைத் தேடி எடுத்துட்டா. மொத நாள் மஞ்சள். அடுத்த ரெண்டு நாளும் சிவப்பு. மூணும் அடுத்தடுத்து இருந்துச்சு. அதோட நிக்காம ஜெனரேட்டர் ரிஜிஸ்தரை எடுத்திருக்கா. கரண்ட் எப்பப் போச்சு, எப்ப வந்துச்சுன்னு அழகுமுத்து அண்ணன் முத்து முத்தா எழுதி வச்சிருக்கார். மஞ்சள் நின்ன அன்னைக்குக் காலையில பதினோரு மணியிலேர்ந்து மதியம் மூணு மணி வரைக்கும் கரண்ட் இல்லை. ஜெனரேட்டரும் ரிப்பேர். மெஷினுக்கு பேட்டரி உண்டு. தண்ணித் தொட்டிக்குக் கிடையாது.

"அண்ணா, தண்ணி கொதிக்கவே இல்லண்ணா. கொதிக்காத தண்ணியில எதை வச்சாலும் மஞ்சளாத்தான் நிக்கும். புரோட்டீன் ஒண்ணுமே செய்யலை."

அதைச் சொல்லும்போது அவ குரல்ல கோபம் கூட இல்லைய்யா. நிம்மதி. கை மேல தப்பில்லைன்னு தெரிஞ்ச நிம்மதி. ரெண்டு கையையும் விரிச்சு விரிச்சுப் பார்த்துக்கிட்டா. எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கலை.

தண்ணி சூடா இருக்கான்னு அன்னைக்கு நான் தொட்டுப் பார்க்கலை, அது வாஸ்தவம். யார் தொட்டுப் பார்ப்பாங்க?

"வாங்கண்ணா, அழகுமுத்து அண்ணன்கிட்ட நீங்களே சொல்லிடுங்க. நான் சொன்னா நம்பமாட்டார். உங்க வாயால ஒரு வார்த்தை போதும்"னு கையைப் பிடிக்காத குறையா இழுத்துட்டுப் போனா. ஸ்டோர் ரூம்ல அண்ணன் புது ஷூவுக்குள்ள காலை நுழைச்சுக்கிட்டிருந்தார். கமிட்டிக்காக சார் வாங்கிக் குடுத்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்னார். எப்பவும் நிப்பார்.

"தம்பி, இந்தப் பொண்ணு என்னென்னமோ சொல்லுது. நீங்க சொல்லுங்க. உங்க கையால கண்டுபிடிச்சது. வேலை செய்யுமா, செய்யாதா? நீங்க சொன்னா இப்பவே விட்டுடறேன்."

பக்கத்து ரூம்ல சார் போன்ல பேசிக்கிட்டிருந்தார். கதவு திறந்திருந்துச்சு. என் வாய்மொழித் தேர்வு அந்த மாசக் கடைசியில. காலேஜ் வேலைக்கு அப்பாயிண்ட்மெண்ட் ஆர்டர் வந்தாச்சு. கல்யாணம் நிச்சயமாகியிருந்துச்சு. இதெல்லாம் நீங்க நினைச்சுப் பார்க்கணும்.

"கட்டுரையில வந்திருக்கேண்ணே"ன்னேன்.

பொய் இல்லை. கட்டுரையில வந்திருந்துச்சு. நான் சாப்பிடுங்கன்னு சொல்லலை. சாப்பிடாதீங்கன்னும் சொல்லலை. உள்ளதைச் சொன்னேன்.

அண்ணன் சிரிச்சார். "பார்த்தியாம்மா?"ன்னு அவளைப் பார்த்துச் சொல்லிட்டு ஷூ லேஸைக் கட்டினார். அமலா என்னைப் பார்த்தா பாருங்க... இப்பவும் சில சமயம் கிளாஸ்ல கடைசி பெஞ்சுல ஏதாவது ஒரு பொண்ணு அப்படிப் பார்க்கும். நான் போர்டு பக்கம் திரும்பிடுவேன்.

அன்னைக்குச் சாயந்திரம் நான் சார்கிட்ட போனேன். போய்த்தான் ஆகணும், இல்லைன்னா அவ போயிருப்பா. "அமலா அனுமதி இல்லாம கம்ப்யூட்டரைத் திறந்து பழைய கணக்கையெல்லாம் நோண்டறா சார். ஏதாவது மாத்தி வச்சுடுவாளோன்னு பயமா இருக்கு"ன்னேன். சார் ரொம்ப நேரம் என்னையே பார்த்தார். அவருக்குப் புரிஞ்சதா இல்லையான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. "எழுதிக் குடு"ன்னார். எழுதிக் குடுத்தேன். மறுநாள் கம்ப்யூட்டர் ரூமைப் பூட்டிட்டாங்க. ஆனா அவ அதுக்கு முன்னாடியே எல்லாத்தையும் நகல் எடுத்திருக்கா. ரிஜிஸ்தரையும் போட்டோ பிடிச்சிருக்கா. அது எனக்குத் தெரியாமப் போச்சு.

கமிட்டி வந்துச்சு. அண்ணன் வெள்ளைச் சட்டை, புது ஷூ போட்டு ரெண்டு மணி நேரம் நின்னார். "மாத்திரையை விட்டு எட்டு மாசம் ஆகுது"ன்னு சார் அறிமுகப்படுத்தினார். கமிட்டியில இருந்த ஒரு அம்மா கர்ச்சீப்பால மூக்கைப் பொத்திக்கிட்டு, "என்ன வாடை?"ன்னு கேட்டாங்க. "லேப் கெமிக்கல் மேடம்"னு நான்தான் சொன்னேன்.

அஞ்சாம் நாள் ஜெனரேட்டர் ரூம்ல விழுந்து கிடந்தார். நெருப்பா காய்ச்சல். ஷூவைக் கழட்ட முடியலை, வெட்டி எடுத்தாங்க. பெரிய ஆஸ்பத்திரியில முழங்காலுக்குக் கீழ எடுத்துட்டாங்க. அமலா பக்கத்துலயே இருந்தா. நான் ஒரு தடவை போய்ப் பார்த்தேன். ஹார்லிக்ஸ் வாங்கிட்டுப் போனேன், அப்புறம் அவருக்குச் சர்க்கரைன்னு ஞாபகம் வந்து பஸ்லயே வச்சுட்டேன். "தம்பி வந்துட்டீங்களா"ன்னு எழுந்திருக்கப் பார்த்தார். கால் இல்லாதது அவருக்கு அப்ப மறந்துபோச்சு போல.

பதினோராம் நாள் போயிட்டார்.

அதுக்கப்புறம் அமலா எங்கெங்கயோ மனு குடுத்தா. நடத்தை சரியில்லைன்னு அவளோட பதிவை ரத்து பண்ணிட்டாங்க. ஒரு வருஷ உழைப்பு போச்சு. ஒரு ட்ரங்கு பெட்டியோட பஸ் ஸ்டாப்புல நின்னதைப் பார்த்தேன். பைக்கை நிறுத்தலாம்னு நினைச்சேன். பின்னால வண்டி வந்துச்சு.

அதோட முடிஞ்சுதுன்னு இருந்தேன்யா. கல்யாணம் ஆச்சு, குழந்தை ஆச்சு, ஆறு வருஷம் ஆச்சு. அவ எங்கயோ வடக்க போய்த் திரும்ப மொதல்லேர்ந்து படிச்சு, டாக்டர் பட்டமும் வாங்கிட்டா. போன மாசம் அந்த வெளிநாட்டுப் பத்திரிகைக்கு எல்லாத்தையும் அனுப்பியிருக்கா. கட்டுரையைத் திரும்ப வாங்கப் போறாங்களாம். பல்கலைக்கழகத்துல விசாரணைக் கமிட்டி. திங்கட்கிழமை நான் போய் நிக்கணும். சார் ரிட்டயர்டு ஆகி மகன்கிட்ட அமெரிக்கா போயிட்டார், போனை எடுக்கறதில்லை. எல்லாம் என் தலையில. ஒரு மனுஷன் சாவுக்கு நான் காரணம்னு எழுதியிருக்காய்யா அவ. நான் சாப்பிடச் சொன்னேனா? நீங்களே சொல்லுங்க.

வக்கீல் ஒரு யோசனை சொன்னார். அண்ணன் பொடி சாப்பிட்டது அவராவே எடுத்த முடிவு, லேப்ல யாரும் சொல்லலைன்னு அவர் சம்சாரம் எழுதிக் குடுத்தா போதும்னார். அதுக்குத்தான் இன்னைக்கு வந்தேன். இப்ப நாம ஏறினோமே, அந்த ஊர்தான் சொர்ணம் அக்கா ஊர்.

திட்டுவாங்கன்னு நினைச்சுத்தான் போனேன். வாசல்ல நின்னதும், "யாரு?"ன்னாங்க. கிட்ட வந்து முகத்தை உத்துப் பார்த்துட்டு, "அய்யோ, மதி தம்பியா! அவர் சாகற வரைக்கும் உங்க பேரைத்தான் சொல்லிக்கிட்டிருந்தார்"னு காப்பி போட்டாங்க. விஷயத்தைச் சொன்னேன். ஒரு கேள்வி கேக்கலை. "அவராத்தான் தம்பி சாப்பிட்டார், நீங்க எங்க சொன்னீங்க?"ன்னாங்க. கேட்டுக்கிட்டீங்களா? அவங்க வாயாலயே சொன்னாங்க. பேனாவைக் குடுத்தேன். "கோடு எங்க தம்பி இருக்கு? ரெண்டு மாசமா கண்ணுல புகை போட்ட மாதிரி இருக்கு"ன்னாங்க. நான்தான் விரலைப் பிடிச்சுக் கோட்டு மேல வச்சேன்.

கையெழுத்தைப் போட்டுட்டுச் சொன்னாங்க: "எனக்கும் சர்க்கரை வந்துடுச்சு தம்பி. ரெண்டு வருஷம் ஆச்சு. அவர் பண்ணின தப்பை நான் பண்றதில்லை. அவர் நடுவுல நடுவுல பொடியை விட்டுடுவார், அதான் அப்படி ஆயிடுச்சு. நான் ஒரு வேளை விடறதில்லை. ஆஸ்பத்திரி மாத்திரையைத் தொடறதே இல்லை. உங்க கையால கண்டுபிடிச்சதாச்சே."

இல்லைய்யா. அப்படிப் பார்க்காதீங்க. சொல்லணும்னுதான் வாயைத் திறந்தேன். சத்தியமா திறந்தேன். கையெழுத்துப் போட்ட காகிதம் கையில இருக்கு. இப்ப இதைச் சொன்னா, அக்கா அதைத் திரும்பக் கேட்டா? அந்த நேரம் பார்த்து ரோட்டுல பஸ் ஹார்ன் அடிச்சான். அடுத்த பஸ் மூணு மணி நேரம் கழிச்சுத்தானாம். அக்காவே, "ஓடுங்க தம்பி, பஸ்ஸை விட்டுடாதீங்க"ன்னு சொன்னாங்க.

எங்க எழுந்திருக்கறீங்க? உங்க ஊர் இன்னும் வரலையே. அக்கா ஊருக்குத் திரும்பிப் போகவா? நீங்க எதுக்குய்யா போகணும்? அவங்க யாரு, நீங்க யாரு? நான் திங்கட்கிழமை முடிஞ்சதும் ஒரு லெட்டர் போடலாம்னுதான் இருக்கேன். கண்டக்டர், விசில் அடிக்காதீங்க... ஐயா, கொஞ்சம் உக்காருங்க. ஐயா, முழங்கால் வலின்னீங்களே, இந்த வெயில்ல எப்படி அவ்வளவு தூரம் நடப்பீங்க?